பூனைக்குச் சிறகு, அத்தைக்கு மீசை

"என்னிடம் பணம் இருந்தால் உங்களுக்குத் தருவேன்." இதைச் சொன்னவரிடம் பணம் இருக்கிறதா, இல்லையா? வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. பர்ஸைத் திறந்து பார்க்கப்போகிறவரும் இப்படித்தான் சொல்வார். கடன் கேட்டு வந்தவரை வாசலோடு அனுப்பிவைக்க நினைப்பவரும் இப்படித்தான் சொல்வார். குரலின் இழுவையையும் முகத்தின் சுளிப்பையும் மாதக்கடைசி என்ற தேதியையும் பார்த்துக் கேட்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். நம் இலக்கணம் அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை.

பாரசீகத்தில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே இதற்கு இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். "அகர் பூல் தாஷ்தே பாஷம், மீதஹம்" என்றால் பணம் இருக்கலாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பொருள். "அகர் பூல் தாஷ்தம், மீதாதம்" என்றால் பணம் இல்லை, இருப்பதாக ஒரு கற்பனை மட்டுமே செய்துகொள்கிறேன் என்று பொருள். இரண்டாவதை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தால் 'பணம் வைத்திருந்தேன் என்றால், கொடுத்துக்கொண்டிருந்தேன்' என்பதுபோல் வரும். பேச்சோ இன்றைக்கு, இந்த நிமிடத்துக்கு உரியது. ஆனால் இரண்டு வினைகளும் இறந்தகாலத்தில் நிற்கின்றன. கடன் கேட்டு வந்தவர் ஓர் ஈரானியராக இருந்தால், உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. 'தாஷ்தே பாஷம்' என்று தொடங்கினால் நாற்காலியில் உட்கார்வார். 'மீதாதம்' என்று முடித்தால் செருப்பைத் தேடுவார்.

நான் பாரசீகம் கற்கத் தொடங்கியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தாசில்தாரும் ஜமாபந்தியும் சிபாரிசும் எங்கிருந்து வந்து நம் தாலுகா அலுவலகங்களில் குடியேறின என்று தேடப்போய், ஆற்காடு நவாப்பின் அரசவை மொழி வரைக்கும் சென்று, அங்கிருந்து திரும்பி வராமல் தங்கிவிட்டேன். சொற்கள் இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தன. அவற்றை இணைக்கும் இலக்கணம் ஒரு துளியும் வரவில்லை. எனக்குப் பாடம் சொல்லித்தருபவர் ஷீராஸ் நகரத்துப் பெண்மணி. இணையத்தின் வழியே வகுப்பு. அவரைக் 'கானும்' என்று அழைக்கிறேன். நம்மூர் 'அம்மா'வில் இருக்கும் அளவு மரியாதையும் நெருக்கமும் அதில் இருக்கின்றன. பாரசீகத்தின் பெருங்கவிஞர்களான சாதியும் ஹாஃபிஸும் ஷீராஸில் அடக்கமாகியிருப்பவர்கள் என்பதால், அவர்களைத் தெருக்கோடியில் குடியிருக்கும் பெரியவர்களைப்போல் பேசுவார். அது பாடத்துக்கு நல்லதாகவே முடிந்தது.

ஓர் எச்சரிக்கை: பாரசீகத்தைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது பகரமும் தகரமும் ஒவ்வொன்றும் இரண்டு ஒலிகளுக்கு வேலை செய்யவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இதனால் ஒரு வேடிக்கையும் நேரும்; பிறகு சொல்கிறேன்.

நான் வைத்திருந்த பாடநூலில் இந்த விஷயத்துக்கு ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். முதல் வகை: நடக்கக்கூடிய நிபந்தனை. இரண்டாம் வகை: நிகழ்காலத்தில் உண்மையல்லாத நிபந்தனை. மூன்றாம் வகை: இறந்தகாலத்தில் உண்மையல்லாத நிபந்தனை. பள்ளியில் ஆங்கிலம் படித்த எவருக்கும் இந்த மூன்று கட்டங்கள் பழகியவை. அந்தக் கட்டத்தின் மீதுதான் எனக்குக் கோபம். அது ஆங்கிலத்துக்காகத் தைத்த சட்டை. பாரசீகத்துக்கு அதைப் போட்டுவிட்டு, கை சரியாக உட்காரவில்லை என்று கை மீது குறை சொல்கிறார்கள். பாரசீகத்தில் அடிப்படையாக இருப்பவை இரண்டே: நடக்கலாம், நடக்காது. 'நிகழ்காலத்தில் உண்மையல்லாதது' என்ற தனி அறை அந்த மொழியில் இல்லை.

"அகர் மீஆமத், மீதீதமஷ்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'அகர்' என்றால் 'ஆல்' விகுதியின் வேலையைச் செய்யும் சொல். 'ஆமத்' வந்தான். 'மீ' என்பது தொடர்ச்சியைக் காட்டும் முன்னொட்டு. முழு வாக்கியத்தின் பொருள் என்ன? இப்போது வந்தால் பார்ப்பேன், ஆனால் வரப்போவதில்லை. அல்லது, நேற்று வந்திருந்தால் பார்த்திருப்பேன், வரவில்லை. இரண்டும் சரி. 'அலான்' என்று ஒரு சொல் சேர்த்தால் இப்போது. 'தீரூஸ்' என்று சேர்த்தால் நேற்று. எதையும் சேர்க்காவிட்டால் அதைப் பற்றி வாக்கியம் கவலைப்படுவதில்லை. நடக்காதது நடக்கவில்லை, அது இன்றைக்கு நடக்கவில்லையா நேற்றைக்கு நடக்கவில்லையா என்பது பாரசீகத்துக்குச் சின்ன விவரம். வேண்டுமானால், நேற்றைக்கு என்று அழுத்திச் சொல்ல இன்னொரு வடிவமும் உண்டு: "அகர் ஆமதே பூத்". அது கூடுதல் வசதி, கட்டாயம் அல்ல.

தமிழ் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. 'வந்தால் பார்ப்பேன்', 'வந்திருந்தால் பார்த்திருப்பேன்' என்று காலத்தைத் துல்லியமாகப் பிரிக்கிறோம். ஆனால் 'வந்தால் பார்ப்பேன்' என்பதில் அவர் வரக்கூடியவரா, வரவே முடியாதவரா என்பதைப் பிரிப்பதில்லை. உண்மையைச் சொல்லப் பாரசீகம் வற்புறுத்துகிறது, காலத்தை விட்டுவிடுகிறது. தமிழ் காலத்தை வற்புறுத்துகிறது, உண்மையை விட்டுவிடுகிறது. நிகழ்காலக் கற்பனை என்ற இந்தச் சிறிய மூலையில் இரண்டு மொழிகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 'அப்பா இன்றைக்கு இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்' என்று கல்யாண வீட்டில் சொல்கிறோமே! பேச்சு இன்றைய மகிழ்ச்சியைப் பற்றியது, வடிவமோ 'இருந்திருந்தால்'. ஆக, இல்லை என்று உறுதியாகச் சொல்லத் தமிழிலும் வழி இருக்கிறது, அதற்கு நாமும் இறந்தகாலத்துக்குள்தான் ஓர் அடி பின்வாங்குகிறோம். ஆனால் அது நம் விருப்பம். 'அப்பா இருந்தால் சந்தோஷப்படுவார்' என்று சொன்னாலும் யாரும் திருத்தப்போவதில்லை. அப்பா காலமானதை அறிந்தவர்கள் சரியாகவே எடுத்துக்கொள்வார்கள். பாரசீகத்தில் இறந்துபோன தந்தையைப் பற்றித் 'தாஷ்தே பாஷம்' வகை வடிவத்தில் பேசினால், பக்கத்தில் இருப்பவர் திகைத்துத் திரும்பிப் பார்ப்பார்.

கட்டத்தைத் திட்டிவிட்டு, என் சொந்தக் கட்டத்தை அதைவிட நேர்த்தியானது என்று நான் விற்கக்கூடாது. 'நடக்கலாம், நடக்காது' என்ற பிரிவிலும் ஓட்டை இருக்கிறது. அதுவும் மொழியில் அதிகமாகப் புழங்கும் இரண்டு வினைகளிலேயே. 'பூதன்' என்றால் இருத்தல். 'தாஷ்தன்' என்றால் வைத்திருத்தல். மற்ற வினைகள் எல்லாம் கற்பனைக்குள் நுழையும்போது 'மீ' போட்டுக்கொள்கின்றன. இந்த இரண்டும் போட்டுக்கொள்வதில்லை. அதனால் 'தாஷ்தீ' என்ற வடிவம் 'வைத்திருந்தாய்' என்ற சாதாரண இறந்தகாலமாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம். கூடவே இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நடக்கக்கூடிய நிபந்தனைக்கும் பாரசீகம் சில இடங்களில் சாதாரண இறந்தகாலத்தைப் பயன்படுத்தும். "அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்" என்பதை "அகர் ஊ ரா தீதீ, ஸலாம் பெரெஸான்" என்பார்கள். 'தீதீ' என்றால் 'பார்த்தாய்'. இதைக் கண்டதும் எனக்கு ஊர்க்காரரைப் பார்த்த மகிழ்ச்சி. நம்முடைய 'பார்த்தால்' என்பதும் 'பார்த்த்' என்ற இறந்தகால அடியின் மேல் 'ஆல்' வைத்துக் கட்டியதுதானே. நாளைக்குப் பார்க்கப்போகிறவரைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுவதில் நமக்கு எந்த உறுத்தலும் இல்லை.

இந்த இரண்டு சிக்கல்களும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது என்ன ஆகும்? பேச்சு வழக்கில் 'அகர்' என்பது 'அகெ' ஆகிவிடும். "அகெ வக்த் தாஷ்தீ, ஸங் பெஸன்" என்றால் நேரம் இருந்தால் போன் செய். "அகெ வக்த் தாஷ்தீ, ஸங் மீஸதீ" என்றால் உனக்கு நேரம் இருந்தால்தானே போன் செய்வாய், எங்கே இருக்கிறது! முதல் பாதி எழுத்துக்கு எழுத்து ஒன்று. இரண்டாவது பாதி வந்த பிறகே முதல் பாதி அழைப்பா, மனத்தாங்கலா என்று தெரியவருகிறது. கானுமிடம் இதைக் கேட்டபோது, "வாக்கியம் முடியும்வரை காத்திருங்கள், அவசரம் என்ன?" என்றார். வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் மொழிக்காரனிடம் இதைச் சொல்லத் தேவையே இல்லை.

இப்போது அந்த வேடிக்கை. 'நான் உங்கள் இடத்தில் இருந்தால்' என்பதற்குப் பாரசீகத்தில் "அகர் ஜா-யெ ஷொமா பூதம்" என்பார்கள். அறிவுரை சொல்ல ஆசைப்படும் எவரும் முதலில் கற்கவேண்டிய தொடர் இது. தமிழ் எழுத்தில் எழுதினால் உங்கள் நாற்காலியில் ஒரு பூதம் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். பெரிய பிழையும் இல்லை. நம் 'பூதம்' வடமொழியின் 'பூத' என்பதிலிருந்து வந்தது. 'ஆகிப்போனது, இருந்துபோனது' என்று அதற்குப் பொருள். பழைய இலக்கண உரைகளில் இறந்தகாலத்துக்குப் 'பூதகாலம்' என்றே பெயர். பாரசீகத்தின் 'பூத்' அதே வேரிலிருந்து கிளைத்த உறவினர்.

திரும்ப 'மீ'க்கு வருவோம், ஏனென்றால் இந்த விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 'மீரஃப்தம்' என்பதற்கு 'போய்க்கொண்டிருந்தேன்' என்று ஒரு பொருள். 'வழக்கமாகப் போவேன்' என்று இன்னொரு பொருள். சின்ன வயதில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாட்டி வீட்டுக்குப் போவேன் என்பதை இந்த வடிவத்தில் சொல்வார்கள். மூன்றாவது பொருள், நாம் பார்த்துக்கொண்டிருக்கும் கற்பனை: (முடிந்தால்) போவேன். வழக்கத்துக்கும் கற்பனைக்கும் ஒரே வடிவம் ஏன்?

இது பாரசீகத்தின் புதிய பழக்கம் அல்ல. ஈரானின் பேஹிஸ்தூன் மலையில் பேரரசன் தாரா (டேரியஸ்) ஏறத்தாழ கி.மு. 520இல் வெட்டுவித்த கல்வெட்டு இருக்கிறது. தனக்கு முன் அரியணையைப் பிடித்த காவுமாதாவைப் பற்றி அதில் ஒரு வாக்கியம் வருகிறது. காவுமாதா தன்னை இளவரசன் பர்தியா என்று சொல்லிக்கொண்டு ஆண்டான், உண்மையான பர்தியாவை முன்பே அறிந்திருந்தவர்களை அவன் பெருமளவில்... இங்கே 'அவாஜனியா' என்று ஒரு வினை. இறந்தகாலக் குறியும் விருப்ப வடிவமும் ஒட்டிப் பிறந்த விசித்திரமான வினை. 'கொன்றுவந்தான்' என்று சிலர் பெயர்த்தார்கள்; 'கொன்றுவிடக்கூடும் என்று மக்கள் அஞ்சினார்கள்' என்று சிலர் பெயர்த்தார்கள். ஒன்று நடந்த கொலை, மற்றொன்று நடக்குமோ என்ற பயம். ஒரு மனிதன் மீதான குற்றச்சாட்டு, ஒரு வினைமுற்றை எப்படிப் படிப்பது என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தமிழில் அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தலைவலியே வந்திருக்காது. 'கொல்வான்' என்று எழுதிவிட்டு எழுந்துபோயிருக்கலாம். 'அந்தக் காலத்தில் அவன் எதிர்ப்பவரை எல்லாம் கொல்வான்' என்றால் வழக்கம். 'விட்டால் கொல்வான்' என்றால் கற்பனை. நம் எதிர்கால வடிவம் இரண்டு வேலைகளையும் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. தாத்தா தினமும் ஆற்றுக்குப் போவார், குளிப்பார், திருநீறு பூசுவார் என்று முப்பது வருடத்துக்கு முந்தைய கதையை முழுக்க எதிர்காலத்தில் சொல்கிறோம், ஒருவரும் வியப்பதில்லை. வழக்கம் என்பது குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்தது அல்ல. கற்பனை என்பது எந்த நாளிலும் நடக்காதது. இரண்டுக்கும் தேதி கிடையாது. தேதி இல்லாதவற்றை எல்லாம் பாரசீகம் இறந்தகாலத்தின் பக்கத்து அறையில் வைத்தது, தமிழ் எதிர்காலத்தின் பக்கத்து அறையில் வைத்தது. இது என் ஊகம். ஆனால் இந்த ஊகம் வந்த பிறகுதான் 'மீரஃப்தம்' எனக்கு வாயில் படியத் தொடங்கியது.

நடுக்காலப் பாரசீகக் கவிஞர்களிடம் இன்னும் அழகான கருவி இருந்தது. வினைமுற்றின் வாலில் ஓர் 'ஈ' சேர்ப்பார்கள். 'தாஷ்த்' என்றால் வைத்திருந்தான். 'தாஷ்தீ' என்றால் வைத்திருந்தான் என்று வைத்துக்கொண்டால். ஈரானிய இலக்கணக்காரர்கள் இதற்கு 'நிபந்தனை யா', 'ஏக்க யா' என்றெல்லாம் பெயரிட்டார்கள்; 'யா' என்பது இந்த 'ஈ'யை எழுதும் எழுத்தின் பெயர். அதே 'ஈ' பழைய வழக்கத்தைக் காட்டும்போது 'தொடர்ச்சி யா' என்பார்கள். வழக்கமும் கற்பனையும் இங்கேயும் ஒரே வீட்டில்தான். இன்றைய பேச்சில் இந்த 'ஈ' மறைந்துவிட்டது, 'மீ' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1258இல் எழுதி முடிக்கப்பட்ட சாதியின் குலிஸ்தானில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது:

கொர்பெ-யெ மெஸ்கீன் அகர் பர் தாஷ்தீ
தொக்ம்-எ கொன்ஜெஷ்க் அஸ் ஜஹான் பர்தாஷ்தீ

பாவப்பட்ட பூனைக்குச் சிறகு இருந்தால், உலகத்தில் சிட்டுக்குருவி இனத்தையே இல்லாமல் செய்துவிடும். 'மிஸ்கீன்' என்ற சொல் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இன்றும் ஏழையைக் குறிக்க வழங்குவதுதான். இரண்டு அடிகளும் 'பர் தாஷ்தீ' என்றே முடிவதுபோல் தமிழில் தெரிகிறது. மூலத்தில் முதலாவது வல்லொலி, அதற்குச் சிறகு என்று பொருள். இரண்டாவது மெல்லொலி, சேர்ந்து 'அகற்றிவிடும்' என்ற வினையாகும். ஒரே ஒலி வேறுபாட்டில் சாதி விளையாடுகிறார். இன்றைய பாரசீகம் மட்டும் தெரிந்தவர் இந்தத் 'தாஷ்தீ'யைப் பார்த்தால் 'நீ வைத்திருந்தாய்' என்று படித்து, பூனையோடு கவிஞர் பேசுகிறார் என்று நினைக்கக்கூடும். பூனைக்குச் சிறகு கிடையாது என்பதை அந்த 'ஈ' முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. குருவிகள் பயமில்லாமல் தூங்கலாம்.

இதற்கு இணையான நம்மூர்ச் சரக்கு என்ன? 'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா.' முளைக்கப்போவதில்லை என்பது ஊரறிந்த சேதி. ஆனால் வாக்கிய வடிவத்தைப் பாருங்கள்: 'மழை பெய்தால் பயிர் முளைக்கும்' என்பதில் உள்ள அதே 'ஆல்'. இலக்கணத்தின் கண்ணில் அத்தையின் மீசையும் ஆவணி மழையும் ஒரே தரத்தில் இருக்கின்றன. நகைச்சுவை பிறப்பதே அதனால்தான் என்று தோன்றுகிறது. முகத்தில் சலனமே இல்லாமல், நடக்கக்கூடியது என்பதுபோல் சொல்கிறோம். பாரசீகத்தில் இந்தப் பழமொழியைச் சொன்னால் வினைச்சொல்லே முதலில் சிரித்துவிடும்.

உமர் கய்யாம் பெயரில் வழங்கும் ஒரு நாலடிப் பாட்டில் இந்த 'ஈ' வரிசையாக வந்து விழுகிறது:

கர் பர் ஃபலகம் தஸ்த் பொதீ சொன் யஸ்தான்
பர்தாஷ்தமீ மன் ஈன் ஃபலக் ரா ஸெ மியான்

கடவுளைப்போல் எனக்கும் வானத்தின் மேல் அதிகாரம் இருந்தால், இந்த வானத்தைப் பெயர்த்து எறிந்துவிடுவேன். சுதந்திர மனம் கொண்டவன் நினைத்ததை எளிதாக அடையும்படி வேறொரு வானத்தைப் புதிதாகச் செய்வேன் என்று பாட்டு போகிறது. பொதீ, பர்தாஷ்தமீ, ஸாக்தமீ, ரெஸீதீ: நான்கு வினைகள், நான்கின் வாலிலும் 'ஈ'. ஒவ்வொன்றும் 'இல்லை, இல்லை' என்று தலையசைக்கிறது. இவ்வளவு பெரிய கலகத்தை இவ்வளவு நம்பிக்கையில்லாமல் அறிவித்தவர் வேறு யாரும் இருப்பாரா தெரியவில்லை. படைத்தவனோடு வழக்காடுவதில் நம் வள்ளுவரும் சளைத்தவர் அல்லர்: 'இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்.' ஆனால் அங்கே 'வேண்டின்' என்பது 'செயின்' வாய்பாட்டு எச்சம். பிச்சையெடுத்து வாழும் நிலை உண்டா இல்லையா என்பதை அது சொல்வதில்லை. உண்டு என்றால் உலகைப் படைத்தவன் கெட்டு அலையட்டும், அவ்வளவுதான். கய்யாமின் 'ஈ' முதல் அடியிலேயே தோல்வியை ஒப்புக்கொள்கிறது. குறளின் 'இன்' சாபத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எனக்கு இந்த இடத்தில் தமிழின் மழுப்பல் பிடித்திருக்கிறது. ஏழை இருக்கிறான் என்பதை நீயே தெருவில் பார்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறது.

ஹாஃபிஸ் இதில் மூன்றாவது ரகம். அவருடைய மிகப் புகழ்பெற்ற கஸலின் தொடக்கம்: அந்த ஷீராஸ் துருக்கி அழகி என் இதயத்தை ஏற்றுக்கொண்டால், அவளுடைய கரிய மச்சத்துக்காக ஸமர்கந்தையும் புகாராவையும் தந்துவிடுவேன். இங்கே வினைகள் 'ஆரத்', 'பக்ஷம்'. நடக்கக்கூடியவற்றுக்கான வடிவம்! 'ஈ' இல்லை, இறந்தகாலம் இல்லை. இரண்டு மாநகரங்களைத் தருவது என்ற அபத்தத்தை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்ற தொனியில் சொல்கிறார். இந்த வரியைக் கேட்டுக் கோபம் கொண்ட திமூர், கவிஞரை வரவழைத்து, நான் வாள்முனையில் வென்று செழிக்கவைத்த நகரங்களை நீ ஒரு மச்சத்துக்குக் கொடுப்பாயா என்று கேட்டதாகக் கதை இருக்கிறது. வெறும் கதைதான். ஆனாலும் இலக்கணப்படி திமூர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று கானுமிடம் சொன்னேன். கவிஞர் கற்பனை வடிவத்தைப் போட்டிருந்தால் இரண்டு நகரங்களும் பத்திரமாக இருந்திருக்கும்; அவரோ உண்மையான கொடைப்பத்திரத்தை அல்லவா எழுதியிருக்கிறார்! கானும் வெகுநேரம் சிரித்துவிட்டு, "காதலன் 'நடக்காது' என்ற வடிவத்தில் பேசினால் அவள் ஏன் திரும்பிப் பார்க்கப்போகிறாள்?" என்று கேட்டார்.

வில்லியம் ஜோன்ஸ் 1771இல் வெளியிட்ட தம் பாரசீக இலக்கண நூலில் இந்தக் கஸலை ஆங்கிலத்தில் பாட்டாக்கிச் சேர்த்திருக்கிறார். அதில் அழகியின் கன்னமும் கையும் புகாராவின் பொன்னையும் ஸமர்கந்தின் மணிகளையும்விட அதிக இன்பம் தரும் என்று மட்டும் வருகிறது. கவிஞர் எதையும் தருவதில்லை. பின்னாளில் கல்கத்தாவில் நீதிபதியாக அமர்ந்தவர் ஜோன்ஸ். உரிமை இல்லாத சொத்தைக் கைமாற்றும் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவருக்கு அப்போதே மனம் வரவில்லை போலும்.

கவிதையை விட்டு வீட்டுப் பேச்சுக்கு வந்தால், நிகழ்காலக் கற்பனை அதிகமாகக் குடியிருப்பது 'காஷ்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான். "காஷ் பியாயத்" என்றால் வந்தால் நன்றாக இருக்குமே, வரட்டும். "காஷ் மீஆமத்" என்றால் வந்தால் நன்றாக இருக்குமே, வரமாட்டான். "காஷ் ஈன்ஜா பூதீ": நீ இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். டொரான்டோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் ஈரானியத் தாய்மார்கள் தொலைபேசியில் சொல்லும் வாக்கியம். 'பாஷீ' என்ற திறந்த வடிவமும் அங்கே இருக்கிறது. விசா கிடைக்கும் என்று நம்பிக்கை வந்த வாரங்களில் அது வெளியே வரும். இந்த 'காஷ்' அதிகமானால் கேலி செய்யவும் அவர்களிடம் ஒரு பழம்பாட்டு உண்டு: 'அகர்' என்பவனுக்கு 'மகர்' என்பவளை மணமுடித்தார்கள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்குக் 'காஷ்கீ' என்று பெயர். 'மகர்' என்றால் 'ஒருவேளை'. ஆலும் ஒருவேளையும் சேர்ந்து ஓர் ஏக்கத்தைப் பெற்றெடுத்தன.

கெட்டவற்றைப் பற்றிய கற்பனைக்குத் தனிக் காப்பு வேண்டும். விபத்து, நோய், மரணம் பற்றி 'ஆல்' போட்டுப் பேச நேர்ந்தால், 'கொதா நகர்தே' என்று இடையில் செருகுவார்கள். கடவுள் அப்படிச் செய்யாதிருக்கட்டும். 'ஸபானம் லால்' என்றும் சொல்வார்கள். என் நாக்கு ஊமையாகட்டும். எதிரில் இருப்பவரைத் தொடும் பேச்சு என்றால் 'தூர் அஸ் ஜான்', உங்கள் உயிருக்கு எட்டாத தூரத்தில். நம் வீடுகளில் 'சொல்லக்கூடாது, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்' என்று தொடங்குகிறோமே, அதே நடுக்கம். நான் கேட்ட அளவில் இந்தக் காப்புகள் பெரும்பாலும் நடக்கக்கூடிய வடிவத்தோடுதான் வருகின்றன. திறந்த வடிவத்தில்தானே ஆபத்து உள்ளே வரமுடியும்?

இன்னொரு இடம் மரியாதை. "மீகாஸ்தம் யெக் சொஆல் பெபொர்ஸம்" என்றால் வரிப்படி 'ஒரு கேள்வி கேட்க விரும்பிக்கொண்டிருந்தேன்'. கேட்கப்போவது இப்போதுதான். தன் விருப்பத்தை இறந்தகாலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, மறுக்கும் வசதியை எதிரில் இருப்பவருக்குக் கொடுக்கிறார்கள். 'ஒன்று கேட்கலாம் என்று நினைத்தேன்' என்று நாமும் தலையைச் சொறிந்துகொண்டு சொல்வதுண்டு. இதை நீட்டிப் பேச ஒன்றும் இல்லை.

குழந்தைகள் விளையாட்டைப் பற்றி மட்டும் நீட்டியாக வேண்டும். ஈரானியக் குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் விளையாட்டுக்குக் 'காலே பாஸி' என்று பெயர்; சித்தி விளையாட்டு. அதில் பாத்திரங்களைப் பங்கிடும்போது "மஸலன் மன் மாமான் பூதம், தோ பச்சே பூதீ" என்பார்கள். உதாரணமாக நான் அம்மாவாக இருந்தேன், நீ பாப்பாவாக இருந்தாய். விளையாட்டு இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் எல்லாம் இறந்தகாலம்! பிரெஞ்சு, இத்தாலியக் குழந்தைகளும் இப்படியே செய்கிறார்கள். இலக்கணப் பாடத்தில் முட்டிமோதிப் பெரியவர்கள் கற்கும் நிகழ்காலக் கற்பனையை, பல் முளைத்த கையோடு அவர்கள் பிசிறில்லாமல் கையாள்கிறார்கள். தமிழ்க் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'நான் அம்மாவாம், நீ பாப்பாவாம்.' காலத்தைத் தொடவே இல்லை. யாரோ சொல்லக் கேட்டதைச் சொல்லும் 'ஆம்' என்ற விகுதியை எடுத்து ஒட்டிவிட்டார்கள். 'ஒரு ஊரில் ஒரு ராஜாவாம்' என்று பாட்டி தொடங்கும் அதே 'ஆம்'. நம் பெரியவர்களின் 'ஆல்' செய்யாமல் விட்ட வேலையை, அதாவது இது உண்மை இல்லை என்று அறிவிக்கும் வேலையை, குழந்தைகளின் 'ஆம்' செய்துவிடுகிறது. இதைப் பற்றி இலக்கண அறிஞர்கள் தனி அத்தியாயம் எழுதவேண்டும் என்பது என் ஆசை.

கற்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: மூன்று கட்டங்களை மனப்பாடம் செய்யாதீர்கள். 'பெஸன்', 'பெபொர்ஸம்' என்பவற்றில் வருவதுபோல் 'பெ' என்ற முன்னொட்டுப் போட்ட வடிவத்துக்குத் திறந்த கதவு, 'மீ' போட்ட இறந்தகாலத்துக்குச் சாத்திய கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பூதன்', 'தாஷ்தன்' இரண்டிலும் வாக்கியக் கடைசிவரை பொறுங்கள். காலத்தை 'அலான்', 'தீரூஸ்' என்ற சொற்கள் பார்த்துக்கொள்ளும். கலப்பு வாக்கியங்களும் இதன் பிறகு தாமாகவே வந்துவிடும். அவற்றில் நான் முதலில் கற்றது ஈரானியப் பெற்றோர்களின் தேசிய வாக்கியம் என்று கானும் சிபாரிசு செய்த ஒன்று: "அகெ தர்ஸ் கூந்தே பூதீ, அலான் தொக்தொர் பூதீ." ஒழுங்காகப் படித்திருந்தால் இப்போது டாக்டராக இருந்திருப்பாய். நிபந்தனை நேற்றையது, விளைவு இன்றையது, டாக்டர் எப்போதும் இல்லாதவர். தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதில்லை. வாக்கியத்தை நான் திருப்பிச் சொன்னதும், "இதற்கு ஒரு பதிலும் கற்றுக்கொள்ளுங்கள், பாதுகாப்புக்கு உதவும்" என்று சொல்லிக் கொடுத்தார்: "அகெ தொக்தொர் பூதம் கெ ஃபார்ஸி யாத் நெமீகெரெஃப்தம்." டாக்டராக இருந்தால் நான் ஏன் பாரசீகம் கற்றுக்கொண்டிருக்கிறேன்?